வீட்டுக் கணினியில் எல்லோருக்கும் சாதாரணக் கணக்கு கொடுத்தாயிற்று, இனி அட்மின் வேலைகளை எப்படிச் செய்வது?

வரவுசெலவு எழுதியது:

வீட்டில் இருப்பது ஒரே டெஸ்க்டாப், விண்டோஸ் 11 ஹோம். அப்பா கடை பில் போடுவார். அம்மா தையல் வகுப்புக்கு அளவுப்படம் பிரிண்ட் எடுப்பார். தம்பி பிளஸ் டூ படிக்கிறான் (அப்படித்தான் வெளியில் சொல்லிக்கொள்கிறோம்). யாரோ எதையோ டவுன்லோட் செய்து, பிரவுசரைத் திறந்தாலே சூதாட்ட விளம்பரமாகக் கொட்ட ஆரம்பித்ததால் மூன்று பேரையும் சாதாரணக் கணக்குக்கு மாற்றிவிட்டேன். அட்மின் (எதையும் நிறுவவும் மாற்றவும் உரிமை உள்ளது) என் கணக்கு மட்டும்தான்.

நான் வேலைக்காக வெளியூரில் இருக்கிறேன், வார இறுதியில்தான் வீடு. எதற்கெடுத்தாலும் "பாஸ்வேர்ட் கேக்குது" என்று போன் வருகிறது. என் கேள்விகள்:

அப்பாவை லாக்-ஆஃப் செய்யச் சொல்லாமல், அவர் கணக்கில் இருந்தபடியே அட்மின் வேலையை முடிப்பது எப்படி? பாஸ்வேர்டை ஒருமுறை கொடுத்துச் சேமித்துவைக்க வழி உண்டா?

இன்னொன்று, இதுதான் அவசரம். அப்பாவின் பில் மென்பொருள் ரொம்பப் பழசு. அவர் கணக்கில் பேக்கப் எடுக்கும்போது எர்ரர் வந்ததால், போன ஞாயிறு நானே ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' மூலம் திறந்து கொடுத்தேன். அன்று முழுக்க அதில் பில் போட்டார். திங்கட்கிழமை அவராகத் திறந்தால் ஞாயிற்றுக்கிழமை பில் ஒன்றுகூட இல்லை. பழையவை எல்லாம் அப்படியே இருக்கின்றன. எங்கே போயிருக்கும்?

பழையபெட்டி எழுதியது:

பில் எங்கும் போகவில்லை, பயப்படாதீர்கள். முதலில் அந்த மென்பொருளை மூடச் சொல்லுங்கள். இதைச் சரிசெய்யும்வரை புதிதாக எதுவும் பதிய வேண்டாம்.

அது தன் தரவையும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும் பழைய ரகமாக இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் எல்லோரும் அட்மினாகவே உட்கார்ந்திருந்ததால் இது யாருக்கும் உறுத்தவில்லை. 2007இல் அதற்கு அடுத்த விண்டோஸ் விஸ்டா வந்தபோது அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை அட்மினுக்கு மட்டும் என்பதில் கறாராக இருந்தார்கள். அப்படியே விட்டால் பழைய மென்பொருள் பாதிக்கு மேல் படுத்துவிடும் என்று ஒரு தந்திரமும் செய்தார்கள். பழைய 32 பிட் மென்பொருள் அங்கே எழுதப் போனால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதைத் திருப்பி, அந்தப் பயனருடைய ஆப்டேட்டா, லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குள் எழுதவைக்கும். மென்பொருளுக்கு இது தெரியாது, தான் சொன்ன இடத்திலேயே எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால் இந்தத் திருப்பிவிடல் கிடையாது. நேராக உண்மையான ஃபோல்டருக்கே எழுதும். ஆகவே உங்கள் கணினியில் இப்போது இரண்டு கணக்குப் புத்தகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பில்கள் புரோகிராம் ஃபைல்ஸில். மற்ற நாள் பில்கள் அப்பாவின் வர்ச்சுவல்ஸ்டோரில்.

சோதிக்க வேண்டுமானால், அப்பா கணக்கில் அந்த மென்பொருளைத் திறந்துவைத்து, டாஸ்க் மேனேஜரில் 'டீடெய்ல்ஸ்' பக்கம் போய், மேலே உள்ள தலைப்புகளில் ரைட் கிளிக் செய்து 'யூஏசி வர்ச்சுவலைசேஷன்' என்ற பத்தியைச் சேருங்கள். அதற்கு நேரே 'எனேபிள்டு' என்று இருந்தால் நான் சொன்னதுதான்.

செய்ய வேண்டியது: இரண்டு இடத்துத் தரவு ஃபோல்டர்களையும் தனித்தனியாகப் பென்டிரைவில் நகலெடுங்கள். வர்ச்சுவல்ஸ்டோரில் இருப்பதை மூலமாக வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பில்களை மட்டும் கையால் மறுபடி ஏற்றுங்கள். இரண்டு தரவுக் கோப்புகளையும் ஒட்டவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பில் எண்கள் மோதும். அப்புறம் மென்பொருளின் செட்டிங்ஸில் தரவு இருக்கும் இடத்தை மாற்ற முடிந்தால் டி டிரைவில் ஒரு ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள். அதன்பின் பேக்கப்புக்குக்கூட அட்மின் தேவைப்படாது.

வரவுசெலவு எழுதியது:

'எனேபிள்டு' என்றுதான் இருக்கிறது! வீடியோ காலில் அப்பாவை வைத்துக்கொண்டு பார்த்தேன், வர்ச்சுவல்ஸ்டோரில் எல்லாம் இருக்கிறது. மிக்க நன்றி ஐயா. செட்டிங்ஸில் தரவு இடத்தை மாற்ற வழி இல்லை போலத் தெரிகிறது. அப்போது?

பழையபெட்டி எழுதியது:

அப்போது புரோகிராம் ஃபைல்ஸில் அந்த மென்பொருளின் தரவு ஃபோல்டருக்கு மட்டும், ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி போய், அப்பாவின் கணக்குக்கு 'மாடிஃபை' உரிமை கொடுங்கள். தரவு உள்ள உள்ஃபோல்டருக்கு மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இயக்கக்கோப்பு இருக்கும் ஃபோல்டருக்கே உரிமை கொடுத்தால், சாதாரணக் கணக்கில் புகுந்த எந்தக் குப்பையும் அந்தக் கோப்பை மாற்றிவைக்கலாம். நீங்கள் அடுத்தமுறை அதை அட்மினாகத் திறக்கும்போது சாவியை நீங்களே கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

உரிமை கொடுத்த பிறகு வர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள கோப்புகளை உண்மையான இடத்துக்கு நகர்த்திவிட்டு, அங்கே எதையும் மிச்சம் வைக்காதீர்கள். பழைய நகல் கிடந்தால் மென்பொருள் அதைத்தான் முதலில் படிக்கும், திரும்பவும் பில் காணோம் என்று தேடுவீர்கள்.

நெட்வொர்க்காரன் எழுதியது:

மற்ற இரண்டு கேள்விகளுக்கு நான் வருகிறேன். அலுவலகத்தில் இதே வேலைதான்.

லாக்-ஆஃப் தேவையில்லை. அப்பா கணக்கிலேயே ரைட் கிளிக், ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், உங்கள் பாஸ்வேர்ட், முடிந்தது. ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டிவிட்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதேதான்.

ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்துத் திறக்கும் நிரல் உங்கள் பெயரில்தான் ஓடும், அப்பா பெயரில் இல்லை. அது 'இந்தப் பயனருக்கு' என்று எழுதும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்), டெஸ்க்டாப் ஐகான், டாகுமென்ட்ஸ் எல்லாம் உங்கள் கணக்குக்கே போகும். "இன்ஸ்டால் பண்ணினேன், முடிஞ்சதுன்னு சொன்னுச்சு, ஆனா ஐகானைக் காணோம்" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான். அப்பா கணக்கில் இணைத்துவைத்த நெட்வொர்க் டிரைவும் அந்த நிரலுக்குத் தெரியாது. எனவே நிறுவும்போது 'எல்லாப் பயனர்களுக்கும்' என்று கேட்டால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொன்று. சாவிகளை இடைமறித்து எழுத்தாக மாற்றும் மென்பொருள் சாதாரண உரிமையில் ஓடிக்கொண்டிருந்தால், அட்மினாகத் திறந்த ஜன்னலுக்குள் அது வேலை செய்யாது. உரிமை குறைந்த நிரல் உரிமை கூடிய நிரலின் சாவிகளைத் தொடக்கூடாது என்பது விண்டோஸின் விதி. ஞாயிற்றுக்கிழமை அப்பா பில்லில் பெயர்கள் ஆங்கிலத்திலேயே விழுந்திருந்தால் காரணம் அதுதான்.

ஒரு நிரலை வேறொரு கணக்கின் பெயரில் திறக்கும் ரன்ஆஸ் கட்டளை பற்றி இணையத்தில் நிறையப் படிப்பீர்கள். அதில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்தால் அட்மின் பெயரில் திறக்கும், ஆனால் முழு உரிமையோடு திறக்காது. அதிலிருந்து மறுபடி ஒருமுறை உரிமை உயர்த்த வேண்டும். வீட்டுக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

பாஸ்வேர்டைச் சேமிப்பது: ரன்ஆஸ்ஸோடு 'சேவ்கிரெட்' என்று ஒரு இணைப்பு உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். பில் மென்பொருளுக்காக நீங்கள் சேமித்தாலும், அது பில் மென்பொருளுக்கு மட்டும் என்று எங்கும் எழுதிவைப்பதில்லை. அதே கணக்கில் உட்காரும் யாரும் ஷார்ட்கட்டில் நிரலின் பெயரை மட்டும் மாற்றினால் எதை வேண்டுமானாலும் உங்கள் பெயரில் ஓட்டலாம்.

லெவல்99 எழுதியது:

நான் மறுபக்கத்து ஆள் 😀 எங்கள் வீட்டில் அட்மின் அப்பா. நான் சாதாரணக் கணக்கு. ஒவ்வொரு கேம் அப்டேட்டுக்கும் அவர் ஆபீசிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே போக வழி இருக்கிறதா? யூடியூபில் ரெக்கவரி மோடில் ஏதோ செய்யலாம் என்று ஒருவர் காட்டினார்.

பழையபெட்டி எழுதியது:

தம்பி, அதற்கு இங்கே யாரும் வழி சொல்ல மாட்டோம். பல புது மடிக்கணினிகளில் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியே வருகிறது. ரெக்கவரி பக்கம் போய்க் கைவைத்தால் நீண்ட ரெக்கவரி எண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அது உன் அப்பாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அப்புறம் விஷயத்தை நீயே அவரிடம் விளக்க வேண்டிவரும்.

அதைவிட, எதற்கெல்லாம் உண்மையிலேயே அட்மின் வேண்டும் என்று பார். ஸ்டோர் ஆப்கள், வைஃபை, டைம் ஜோன், விண்டோஸ் அப்டேட் எதற்கும் பொதுவாகத் தேவையில்லை. (எக்ஸ்பியில் தேதி பார்க்கக் கடிகாரத்தை டபுள் கிளிக் செய்தாலே "உனக்கு உரிமை இல்லை" என்று முகத்தில் அடிக்கும், அந்தக் கொடுமையெல்லாம் நீ பார்த்ததில்லை.) குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் பாஸ்வேர்ட் பெட்டியை மறுத்தால் உன் கணக்குக்குள் மட்டும் நிறுவிக்கொள்ளும். கேம் அப்டேட்டாகாமல் நிற்பது பெரும்பாலும் கேமைப் புரோகிராம் ஃபைல்ஸில் போட்டதால்தான். லாஞ்சரை அப்பா ஒருமுறை நிறுவிவிட்டு, கேம்கள் இறங்கும் இடமாக நீ எழுதக்கூடிய ஒரு ஃபோல்டரை வைத்துக்கொடுத்தால் தொல்லை ரொம்பவே குறையும்.

நெட்வொர்க்காரன் எழுதியது:

லெவல்99, நண்பர்களோடு லேனில் (ஒரே உள்ளூர் நெட்வொர்க்கில்) ஆடுகிறீர்களா? இதையும் அப்பாவிடம் சொல்லுங்கள். ஒரு கேம் முதன்முதலில் வெளியிலிருந்து இணைப்பைக் கேட்கும்போது விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்கும். சாதாரணக் கணக்கில் அந்தக் கேள்வியே வராமல் 'தடு' என்ற விதி தானாக விழுந்துவிடுவது உண்டு. நெட் நன்றாக இருக்கும், நண்பன் மட்டும் உங்கள் அறைக்குள் வர முடியாது. அட்மின் ஒருமுறை ஃபயர்வால் அனுமதிப் பட்டியலில் அந்தக் கேமுக்கு டிக் போட்டால் சரியாகிவிடும்.

பெங்குவின்பிரியன் எழுதியது:

இத்தனை கூத்துக்கும் லினக்ஸில் சூடோ என்று ஒரே கட்டளை. 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதினார்கள். "இவர், இந்த ஒரு கட்டளையை மட்டும், ரூட்டாக (லினக்ஸின் அட்மின்) ஓட்டலாம்" என்று சூடோயர்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். நீங்கள் கேட்பது அதைத்தானே? விண்டோஸிலும் 2024இல் 24எச்2 வெர்ஷனோடு சூடோ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், ஆனால் அது அட்மின் அனுமதி கேட்கும் அதே யூஏசி பெட்டியைத்தான் திறக்கிறது.

பழையபெட்டி எழுதியது:

அந்த ஒரு வரியில் விம் எடிட்டரை அனுமதித்துவிட்டு, அதற்குள்ளிருந்தே ரூட் ஷெல் (எந்தக் கட்டளையையும் ரூட்டாக ஓட்டும் ஜன்னல்) திறக்கலாம் என்பதை மறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். அது இருக்கட்டும், அவர் அப்பாவின் பில் மென்பொருள் லினக்ஸில் ஓடுமா?

பெங்குவின்பிரியன் எழுதியது:

விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ஒயினில் முயன்று பார்க்கலாம்... சரி, விடுங்கள்.

நெட்வொர்க்காரன் எழுதியது:

பெங்குவின் சொன்ன எண்ணம் சரியானதுதான். முழுச் சாவியைக் கொடுக்காமல், ஒரு வேலைக்கு மட்டும் உரிமை. பிரவுசர்கள் இதை எப்போதோ செய்துவிட்டன. ஃபயர்ஃபாக்ஸ் 2012இல் 12ஆம் வெர்ஷனிலிருந்து ஒரு சிறிய சேவையை நிறுவிவைக்கிறது. அந்தச் சேவைக்கு உயர்ந்த உரிமை உண்டு, ஆனால் அதற்குத் தெரிந்த வேலை மொசில்லாவின் அப்டேட்டை ஏற்றுவது மட்டும். பாஸ்வேர்ட் பெட்டி வராமல் பிரவுசர் புதிதாவது அதனால்தான்.

வீட்டில் இதற்கு நிகரானது டாஸ்க் ஷெட்யூலர், வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் வசதி. உதாரணமாக, அம்மாவின் பிரிண்ட் வரிசையில் சிக்கிக்கொள்கிறது என்று வையுங்கள். பிரிண்ட் வரிசையைக் கவனிக்கும் ஸ்பூலர் சேவையை நிறுத்தித் தொடங்க அட்மின் வேண்டும். அட்மின் கணக்கில் ஒரு டாஸ்க் உருவாக்கி, அது சிஸ்டம் (விண்டோஸின் சொந்தக் கணக்கு) பெயரில் ஓடும்படி வைத்து, ஸ்பூலரை நிறுத்தித் தொடங்கும் இரண்டு வரிகளை மட்டும் கொடுங்கள். எப்போது ஓட வேண்டும் என்ற இடத்தில் 'ஆன் வொர்க்ஸ்டேஷன் அன்லாக்' என்று ஒன்று இருக்கும், அதில் அம்மாவின் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். பிரிண்ட் சிக்கினால் அவர் விண்டோஸ் பொத்தானையும் எல்-ஐயும் அழுத்தி, திரையைப் பூட்டித் திறந்தால் போதும், ஸ்பூலர் புதிதாகத் தொடங்கிவிடும். பிரிண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பூட்டித் திறந்தால் அந்தத் தாள் பாதியில் நிற்கக்கூடும், அதை மட்டும் சொல்லிவையுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. டாஸ்க் ஓட்டும் ஸ்கிரிப்டை அம்மாவோ தம்பியோ எழுத முடியாத ஃபோல்டரில் வையுங்கள். டெஸ்க்டாப்பில் வைத்தால் சேவ்கிரெட் கதைதான். அப்புறம், இப்படி ஓடுவது திரையில் எதையும் காட்டாது. எனவே பில் மென்பொருள் மாதிரி ஜன்னல் திறக்கும் நிரல்களுக்கு இது ஆகாது.

துபாய்வாசி எழுதியது:

எனக்கும் இதே பாடுதான், தூரம் மட்டும் அதிகம். குவிக் அசிஸ்ட்டில் அப்பா திரையைப் பகிர்வார், நான் பார்த்துக்கொண்டே செய்வேன். பாஸ்வேர்ட் பெட்டி வந்ததும் என் பக்கம் திரை கறுப்பாகிவிடும். காரணம், அந்தப் பெட்டி வருவது தனியாகப் பூட்டிய ஒரு திரையில். மற்ற நிரல்கள் எதுவும் அந்தப் பெட்டியைத் தொடக்கூடாது என்பதே அதன் நோக்கம், அதனால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கும் அது தெரிவதில்லை. அங்கே இருப்பவர்தான் தட்டியாக வேண்டும்.

அதனால் நான் அப்பாவுக்கே பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டேன். வரவுசெலவு அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள், கணினிக்குப் பணம் கொடுத்த மனிதருக்கே அதன் பாஸ்வேர்ட் தெரியாது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கடையை நடத்துகிறவர், ஒரு பெட்டி எதற்கு வருகிறது என்று புரிந்துகொள்ள மாட்டாரா?

வரவுசெலவு எழுதியது:

கோபமெல்லாம் இல்லை. அப்பாவும் இதையே சொன்னார், வேறு தொனியில். என் பயம் அந்த போன்கால்கள்தான். "உங்கள் கேஒய்சி முடிந்துவிட்டது, இந்த ஆப்பை நிறுவுங்கள்" என்று யாராவது பேசினால் அப்பா மரியாதைக்காகவே கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பார். பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் எதையும் நிறுவ முடியாதல்லவா?

பழையபெட்டி எழுதியது:

அங்கேதான் சாதாரணக் கணக்கின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்கிறோம். திரை பகிரும் மென்பொருள் பலவற்றை நிறுவவே தேவையில்லை, டவுன்லோட் செய்து கிளிக் செய்தால் ஓடும். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் பெயரைச் சொல்லியே எச்சரித்தது போன்களில் நடந்த மோசடிக்காக என்றாலும், கணினியிலும் வழி அதுதான். எதிரில் இருப்பவனுக்குத் தேவை உங்கள் அட்மின் உரிமை இல்லை, வங்கிப் பக்கம் திறந்திருக்கும் திரைதான்.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரும் அப்படியே. அப்பா கணக்கில் ஓடினால் அப்பா தொடக்கூடிய எல்லாக் கோப்பையும் பூட்டும். அவருக்கு உரிமை கொடுத்த பில் தரவும் அதில் சேர்த்தி. வித்தியாசம், தம்பியின் கணக்குக்குள் போகாது, விண்டோஸின் உள்ளே வேர்விடாது, ஷேடோ காப்பி என்ற பழைய பிரதிகளை அதனால் அழிக்க முடியாது, அவற்றை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால். அதற்காகச் சாதாரணக் கணக்கு கட்டாயம் வேண்டும். அதோடு தினமும் கழற்றிவைக்கும் பென்டிரைவில் ஒரு பேக்கப்பும் வேண்டும். போன்காலுக்கு மருந்து அப்பாவோடு உட்கார்ந்து பேசுவதுதான், விண்டோஸ் செட்டிங்ஸில் அது இல்லை.

நெட்வொர்க்காரன் எழுதியது:

நான் துபாய்வாசி பக்கம், ஒரு திருத்தத்தோடு. வரவுசெலவு, இப்போது உங்கள் சொந்தக் கணக்கே அட்மின். அதன் பாஸ்வேர்டை அப்பாவுக்குச் சொன்னால் உங்கள் மெயிலும் கோப்புகளும் சேர்ந்தே திறந்துகொள்ளும். மைக்ரோசாஃப்ட் கணக்காக இருந்தால் இன்னும் மோசம். 'வீடு' என்று புதிதாக ஒரு லோக்கல் (இந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கும்) அட்மின் கணக்கு உருவாக்குங்கள். அதில் யாரும் உள்ளே நுழைந்து வேலை செய்யக் கூடாது, பாஸ்வேர்ட் பெட்டிக்கு மட்டுமே அது. அது வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகு உங்கள் கணக்கையும் சாதாரணமாக மாற்றுங்கள். வரிசையை மாற்றிச் செய்யாதீர்கள். மாற்றியதும் ஒருமுறை சைன்-அவுட் செய்தால்தான் புது உரிமை நடைமுறைக்கு வரும்.

பாஸ்வேர்டைக் காலியாக விடவே கூடாது. காலியாக இருந்தால் அந்தப் பெட்டியில் எதுவும் தட்டாமல் 'யெஸ்' அழுத்தினாலே போகும், தம்பி அதை ஒரே நாளில் கண்டுபிடிப்பான். நீளமாக, தமிழ் வாக்கியம் ஒன்றை ஆங்கில எழுத்தில் அடித்து வையுங்கள், ஒரு தாளில் எழுதி பீரோவுக்குள் வையுங்கள். பீரோ சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் வீட்டு அட்மின்.

வரவுசெலவு எழுதியது:

பீரோ சாவி அம்மாவிடம். அப்பாவுக்கு இதில் மகிழ்ச்சி இல்லை, ஆனால் ஒப்புக்கொண்டார்!

'வீடு' கணக்கு போட்டாயிற்று, என்னுடையதும் சாதாரணம்தான் இப்போது. பில் தரவு ஃபோல்டருக்கு உரிமை கொடுத்து வர்ச்சுவல்ஸ்டோரைக் காலிசெய்தேன். இரண்டு நாளாக பேக்கப் எர்ரர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பில்களை அப்பா கார்பன் காப்பியைப் பார்த்து ஏற்றிக்கொண்டிருக்கிறார். நெட்வொர்க்காரன் சொன்னது சரி, அன்றைய பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

ஒன்று மிச்சம். பிரிண்டர் மாடியில் பழைய லேப்டாப்பில் யூஎஸ்பியில் இருக்கிறது, அங்கிருந்து ஷேர் செய்திருக்கிறோம். அம்மா கணக்கில் சேர்க்கப் போனால் டிரைவருக்கு அட்மின் கேட்கிறது. 'வீடு' கணக்குக்குள் போய்ச் சேர்த்தேன், சேர்ந்தது. ஆனால் அம்மா கணக்கில் பிரிண்டரே தெரியவில்லை.

நெட்வொர்க்காரன் எழுதியது:

ஷேர் செய்த பிரிண்டர் இணைப்பு ஒவ்வொரு பயனருக்கும் தனி. நீங்கள் சேர்த்தது 'வீடு' கணக்குக்கு மட்டும். டிரைவருக்கு அட்மின் கேட்பது 2021 ஆகஸ்டிலிருந்து. பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளியான பிறகு மைக்ரோசாஃப்ட் அதைக் கட்டாயமாக்கியது. அந்தக் கட்டாயத்தை ரெஜிஸ்ட்ரியில் நீக்கச் சொல்லும் பதிவுகள் நிறைய இருக்கும், நீக்காதீர்கள்.

இப்போது டிரைவர் உங்கள் கணினிக்குள் வந்துவிட்டது. எனவே அம்மா கணக்கில் அதே பிரிண்டரை மறுபடி சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் கேட்காது. கேட்டால் இரண்டு கணினியிலும் டிரைவர் வெர்ஷன் வேறு வேறாக இருக்கும், ஒன்றாக்குங்கள்.

பிரிண்டரில் வைஃபை இருக்கிறதா?

வரவுசெலவு எழுதியது:

இருக்கிறது, யாரும் இதுவரை பயன்படுத்தியதில்லை.

நெட்வொர்க்காரன் எழுதியது:

அப்படியானால் லேப்டாப்பை விடுங்கள். பிரிண்டரை நேராக வைஃபையில் இணைத்து, 'வீடு' கணக்கிலிருந்து அதன் ஐபி எண்ணைக் கொடுத்து லோக்கல் பிரிண்டராகச் சேருங்கள். அது கணினி முழுவதற்குமான பிரிண்டர், எல்லோர் கணக்கிலும் தானாகத் தெரியும். ரவுட்டரில் அந்த ஐபியைப் பிரிண்டருக்கே ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்தால் எண் மாறி, மறுபடி போன் வரும்.